அம்மன் கோயிலுக்குப் புதுக் கக்கூஸ் வந்த கதை

யோகாம்பாளைப் படைக்கும்போது கூச்சத்தை உள்ளே வைக்க ஆண்டவன் மறந்துபோனான். எங்கள் சனத்தில் ஒரு பெண் நாலு பேர் முன்னால் எழும்புவதென்றால், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஒருக்கா வெளியாலை போயிட்டு வாறன்" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை. யோகாம்பாளுக்கு அந்த முறை பிடிபடவில்லை. சுவிஸில் ஆராவ் என்ற ஊர்ப் பக்கம் நடந்த ஒரு சாமத்தியவீட்டில், அதாவது பூப்புனித நீராட்டு விழாவில், கேக் வெட்டுகிற நேரம் பார்த்து, மைக் பிடித்திருந்த பொடியனிடம் போய், "தம்பி, இந்த மண்டபத்திலை கக்கூஸ் எங்கை கிடக்கு?" என்று கேட்டாள். கேள்வி மைக் வழியாக மண்டபம் முழுக்கப் போனது. பொடியன் பதறிப்போய்ச் சொன்ன பதிலும் போனது. இன்னும் நாலைந்து பெண்கள் எழும்பி அவள் பின்னால் போனதையும் சொல்லத்தான் வேண்டும். வீடியோக்காரர் அந்தக் காட்சியை வெட்டவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சுவிஸ் நாட்டுக்கு வந்த புதிதில் நிலத்துக்குக் கீழே இருந்த ஓர் அகதி முகாமில் தங்கவைத்தார்களாம். நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை. காலையில் வரிசை எப்படி நிற்பது என்று அங்கே சட்டம் போட்டவளே இவள்தான். அவசரம் உள்ளவர்களுக்குத் தனி வரிசை. அவசரமா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்து அவளே தீர்மானிப்பாள். அந்தத் தீர்ப்புக்கு எரித்திரியாக்காரரும் யூகோஸ்லாவியாக்காரரும்கூடக் கட்டுப்பட்டார்கள்.

"மனுசர் என்னத்தைச் சாப்பிட்டது எண்டு மணிக்கணக்காக் கதைக்கிறியள். அது வெளியாலை போறதைப் பற்றி ஒரு நிமிசம் கதைச்சால் மட்டும் என்ன குறைஞ்சு போகும்?" என்பாள். இதைக் கேட்டதும் அவளுடைய கணவர் இரவீந்திரன் கண்ணை மூடிக்கொள்வார். சரக்குக் கிடங்கில் மாறி மாறி வரும் ஷிப்டில் முப்பது வருடம் வேலை செய்த அவர், இருந்த இடத்திலேயே தூங்கக்கூடியவர். மனைவி பேசத் தொடங்கினால் அந்தத் திறமை அவருக்கு நன்றாகக் கைகொடுத்தது.

கோயில் ஓல்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தொழிற்பேட்டைக்குள் இருந்தது. ஒரு பக்கம் டயர்க் கடை, மறு பக்கம் நாய்ச் சாப்பாட்டுக் கிடங்கு, நடுவில் அம்மன். ஒரு காலத்தில் ஜன்னல் மறைப்புகள் செய்த தொழிற்சாலை அது. வாடகைக்கு எடுத்து, கூரைக்குள் அடங்கக்கூடிய உயரத்தில் கோபுரம் வைத்து, சுவரெல்லாம் வர்ணம் பூசிப் பார்க்கக் கண்நிறைந்த கோயிலாக்கிவிட்டார்கள். பின்பக்கத்து ஓடையில், அதாவது ஒடுங்கிய நடைவழியில், இருந்த கழிப்பறைகளை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு இரண்டு. நாலும் காவி நிறம். அதில் ஆன்மீகம் ஒன்றுமில்லை. எழுபதுகளில் சுவிஸ்காரருக்கு அந்த நிறத்தில் அப்படியொரு மோகம்.

ஒருமுறை இழுத்துவிட்டால் குளம் உடைந்ததுபோலத் தண்ணீர் போகும். பிறகு தொட்டி நிரம்பவேண்டும். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குழாய்க்குள் அது படிந்து படிந்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். ஏறிய தண்ணீரும் தொட்டியில் நில்லாமல் அடியால் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒருவர் போய்வந்தால் அடுத்தவர் வெளியே நின்று ஒரு தேவாரம் முழுதும் பாடலாம்.

ஆகஸ்டில் தேர்த் திருவிழா வந்தது. நல்ல வெயில். டயர்க் கடைக்காரர் கார்களை ஒதுக்கி இடம் விட, தேர் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்போது ஆரத்தித் தட்டோடு நின்ற வேணுகா என்கிற இளம்பெண், ஏழுமாத வயிற்றோடு, தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சரிந்தாள்.

"அம்மன் வந்திட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். உடுக்கு அடிக்கிறவர் வேகத்தைக் கூட்டினார். ஒருவர் வேணுகாவின் நெற்றியில் விபூதியை அள்ளி அப்பினார். வேப்பிலைக்கு அந்த ஊரில் எங்கே போவது? வேலிக்கரையில் நின்ற ஏதோ ஒரு சுவிஸ் மரத்தின் கொப்பை முறித்துக்கொண்டு ஓடிவந்து விசிறினார்கள். அம்மன் என்ன சொல்லப்போகிறாள் என்று கூட்டம் கைகூப்பி நின்றது.

யோகாம்பாள் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

"எடுங்கோ கையை! அம்மனும் இல்லை, ஆரும் இல்லை. பிள்ளைக்கு மயக்கம். தள்ளி நில்லுங்கோ, காத்து வரட்டும்." வேணுகாவின் தலையை மடியில் வைத்துக் கன்னத்தில் தட்டினாள். "பிள்ளை, காலமை இருந்து தண்ணி குடிச்சனியோ?"

வேணுகா கண்ணைத் திறந்து இல்லையென்று தலையாட்டினாள். "குடிச்சால் போகவேணும் அன்ரி. அங்க லைன் நீளம்."

யோகாம்பாள் அவளுக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டே சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். "நீங்கள் ஆராவது குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள், ஒருத்தி செருப்பைப் பார்த்தாள். யோகாம்பாளுக்கு விளங்கிவிட்டது. அவளும் குடித்திருக்கவில்லை. மூன்று பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கும் அடக்கிவைக்க ஏலாது. திருவிழா என்றால் முதல்நாள் மாலையிலிருந்தே தொண்டையை நனைப்பதோடு சரி. தன் ஒருத்தியின் வயிற்றுக் கோளாறு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பார்த்தால், கோயிலின் பாதிப் பெண்கள் வருடம் தவறாமல் தண்ணீர் விரதம் பிடிக்கிறார்கள். அம்மனுக்காக இல்லை, கக்கூஸுக்காக. ஊருக்கே வாய்காட்டுகிற தானும் இதைப்பற்றி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

தேர் இருப்பிடம் சேர்ந்த கையோடு அவள் போய்ப் பிடித்தது கோயில் தலைவர் சந்திரகுமாரை.

சந்திரகுமார் கலியாணங்களுக்கு மணவறையும் உட்காரக் கதிரையும் வாடகைக்குக் கொடுப்பவர். அறுபது தாண்டியவர், நல்ல மனிதர், ஆனால் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்பதற்கே அவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். அந்த வருடம் அவர் மனம் முழுக்க ஒரு சிங்கம் இருந்தது. அம்மனுக்குப் புதிய சிங்க வாகனம், கும்பகோணத்தில் தேக்கில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்த சிங்கம். முன்னங்கால் முடிந்தது, பிடரி முடிந்தது என்று அங்கிருந்து படம் படமாக வரும். சந்திரகுமார் அதைப் பேரப்பிள்ளையின் படம்போல எல்லோருக்கும் காட்டுவார்.

"சந்திரண்ணை, சிங்கத்தைப் பேந்து பாப்பம். முதல் கக்கூஸை மாத்துவம்," என்றாள் யோகாம்பாள்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "தங்கச்சி, கோயிலுக்குள்ள நிண்டு கதைக்கிற கதையே இது?"

"கோயிலுக்குள்ள போகலாம், கதைக்கக்கூடாதோ?"

"விளங்காமல் கதையாதை. சனம் சிங்கத்துக்கு உபயம் தரும். மூக்குத்திக்குத் தரும். அன்னதானத்துக்கு அடிபட்டுக்கொண்டு தரும். கக்கூஸுக்கு ஆர் தருவினம்? 'இன்னாரின் ஞாபகார்த்தமாக' எண்டு எங்கை எழுதுறது, மூடியிலையோ?"

"எழுதுங்கோவன். ஆறுதலா இருந்து வாசிக்கிற இடம் அது ஒண்டுதான்."

சந்திரகுமார் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

இதை யோகாம்பாள் வீட்டில் கொட்டித் தீர்த்தபோது, இரவீந்திரன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் பவதாரணி மூடவில்லை. அவள் அங்கேயே பிறந்து வளர்ந்து, கட்டட வரைபடம் கீறும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவள். அந்த ஊர் கெமைண்டே, அதாவது ஊர்ச்சபை, அந்த வருடம் ஒரு சலுகை அறிவித்திருப்பதை அவள்தான் சொன்னாள். பழைய கழிப்பறைகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் புதியவற்றைப் பூட்டினால், செலவில் ஒரு பங்கைச் சபை திருப்பித் தரும்.

"கக்கூஸ் மாத்தக் கெமைண்டே காசு தருதோ? மெய்யாவோ?"

"ஓம் அம்மா. வெய்யில் காலத்தில தண்ணி தட்டுப்பாடு வருதெல்லோ, அதுக்குத்தான். ஆனா கட்டடத்தின்ர சொந்தக்காரர்தான் கேக்கவேணும். வாடகைக்கு இருக்கிற ஆக்கள் கேக்க ஏலாது. வருசம் முடியமுதல் பதியவும் வேணும்."

"இத்தனை வருசம் வரி கட்டினதுக்கு இப்பதான் ஒரு உருப்படியான அலுவல் செய்யிறாங்கள்," என்று சொல்லிவிட்டு யோகாம்பாள் அடுத்த நாளே சொந்தக்காரரைத் தேடிப் போனாள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஹெர், அதாவது திருவாளர், சும்ஸ்டைன். எண்பதுக்குக் கிட்டிய வயது. தொழிற்சாலைக்கு நேரெதிரே தனிவீட்டில் இருந்தார். யோகாம்பாள் ஜெர்மனில் எல்லாவற்றையும் விளக்கினாள். அவளுடைய ஜெர்மன் முதியோர் இல்லத்தில் படித்தது. வயதானவர்களோடு பேசுவதற்கென்றே அமைந்தது. சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். சும்ஸ்டைன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"ஃபுங்க்ஷியோனியெர்ட் டொக்," என்றார். அது வேலை செய்கிறதுதானே என்று அர்த்தம். அந்த நாட்டில் இந்தச் சொல்லோடு ஒரு வாதம் முடிந்துவிடும்.

"ஒழுகுது ஹெர் சும்ஸ்டைன். இரவு பகலாத் தண்ணி ஒழுகுது."

"நான் பார்த்ததில்லையே. காட்டுங்கள், பார்க்கிறேன்."

ஒழுகுவதைக் காட்டுவது எப்படி? அதற்கும் பவதாரணிதான் வழி சொன்னாள். தொட்டித் தண்ணீருக்குள் ஏதாவது சாயம் போட்டுவிட்டு, இழுத்துவிடாமல் கொஞ்ச நேரம் விடவேண்டும். கீழே கோப்பைக்குள் சாயம் வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். யோகாம்பாள் குசினி அலுமாரியைத் திறந்தாள். கேசரிக்குப் போடுகிற சிவப்புச் சாயப்பொடி சின்னக் காகிதப் பொட்டலமாக இரண்டு சரை இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, சனமெல்லாம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போன நேரம் பார்த்து, பெண்கள் பக்கத்துத் தொட்டிகளில் தானே ஒரு சிட்டிகை போட்டாள். கதவில், "பாவிக்க வேண்டாம்" என்று தாள் ஒட்டினாள். ஆண்கள் பக்கம் தான் போக ஏலாது. மற்றச் சரையையும் ஒரு தாளையும் இரவீந்திரனிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் போய், பயறும் சோறும் ஆறிப்போகிற அவசரத்தில், சரை முழுவதையும் முதல் தொட்டிக்குள் கொட்டினார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சாப்பிடப் போனார்.

கடைசியாகக் கோயிலைப் பூட்டுகிறவர் சந்திரகுமார். அன்று பூட்டுவதற்கு முன்னால் ஒன்றுக்குப் போனார். கும்பகோணத்திலிருந்து சிங்கத்தின் நாக்குக்கு வர்ணம் அடித்த படம் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அலுவலை முடித்தார். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

கோப்பை நிறைய இரத்தச் சிவப்பு.

அவர் அப்போதே இழுத்துவிட்டிருந்தால் மேலிருந்தும் சிவப்புத்தான் வந்திருக்கும், விஷயம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கோயிலில் ஒன்றுக்குப் போகிற ஆண்கள் இழுத்துவிடுகிற வழக்கம் இல்லை. தொட்டி நிரம்ப நேரமாகுமாம், அடுத்தவருக்கு இடைஞ்சலாம். இப்படி ஒரு பொதுநலம். சந்திரகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே அவருக்கு மறந்துவிட்டது.

மனைவிக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் கழிப்பறைக்குப் போகும்போது விளக்கைப் போடாமல் போனார். பார்த்தால்தானே பயம்.

மறுநாள் காலையில் சும்ஸ்டைன் வந்து பெண்கள் பக்கம் பார்த்தார். கோப்பை ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. "ஒழுகுகிறது," என்று ஒத்துக்கொண்டார். யோகாம்பாள் வெற்றிக்களிப்போடு நின்றாள். அவர் தொடர்ந்தார்: "ஆனால் தண்ணீர்க் காசு நீங்கள்தானே கட்டுகிறீர்கள்? எனக்கென்ன?"

யோகாம்பாள் அவருடைய கையை மறுபடி பிடித்தாள். பிறகு சொன்னாள்: "கெமைண்டே ஒரு பங்கு தரும். மிச்சத்தைக் கோயில் தரும். உங்கட கட்டடத்துக்குப் புதுக் கழிப்பறை சும்மா வருது. நீங்கள் செய்யவேண்டியது ஒரு கையெழுத்து."

கோயில் தரும் என்று அவள் யாரையும் கேட்காமலே சொன்னாள்.

சும்ஸ்டைன் யோசித்தார். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் மனமில்லை. உடனே சரி என்று சொல்லவும் மனமில்லை. "மத்தியானம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை நான் படுக்கிற நேரம். உங்கள் மேளம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரம் அடிக்கமாட்டோம் என்று சொல்லுங்கள், கையெழுத்து வைக்கிறேன்."

"சரி," என்றாள் யோகாம்பாள். அதையும் யாரையும் கேட்கவில்லை. பிறகு ஐயரிடம் போய்ச் சொன்னபோது அவர் கொதித்தார். "அம்மனுக்குத் தீபாராதனை நேரத்தை அந்த மனுசன்ர நித்திரைக்கு மாத்தோணுமோ?" என்று கேட்டார். ஆனால் அவரும் நீண்ட நேரம் பூசையில் நிற்கிற மனிதர், நீரிழிவுக்காரர். இரண்டு நாள் கழித்துத் தானாகவே பஞ்சாங்கத்தைப் புரட்டி, பதினொன்றரைக்கும் நல்ல நேரம் உண்டு என்று கண்டுபிடித்தார்.

இதற்கிடையில் சந்திரகுமார் டொக்டரிடம் போனார். டொக்டர் சோதித்துவிட்டு, இப்போது இரத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் சிலவேளை வந்து வந்து மறையும், எதற்கும் நிபுணரைப் பாருங்கள், அதுவரை நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். நிபுணரிடம் இடம் கிடைத்தது இரண்டு மாதத்துக்குப் பிறகு. சந்திரகுமார் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து நவராத்திரி வந்தது. ஒன்பது மாலையும் தலைவர் கோயிலில் நின்றாக வேண்டும். பெரிய போத்தலோடு வருவார். குடிப்பார். போவார். முன்னால் ஒருவர் நிற்பார், உள்ளே ஒருவர் இருப்பார், தொட்டி நிரம்பாது. கால்மாறி நிற்பார். கொலுவுக்கு முன்னால் பிள்ளைகள் வீணை வாசிக்க, பின் ஓடையில் தலைவர் சுவரோடு சாய்ந்து நெற்றி வியர்க்க நிற்பார். மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர் அந்த ஒன்பது நாளும் "பெரியோர்களே" என்று தொடங்கி, "நன்றி, வணக்கம்" என்று முடித்துவிட்டு ஓடினார். சபை இப்படியொரு நவராத்திரியைக் கண்டதில்லை. பேச்சுகளை எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள் அவர் பெண்கள் வரிசையை முதல்முறையாகக் கவனித்தார். அது ஓடையைத் தாண்டி, செருப்பு வைக்கிற இடத்தையும் தாண்டி வெளியே போயிருந்தது. நடுவில் வேணுகா, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

நவம்பரில் பொதுக்கூட்டம். அன்று சிங்கத்துக்குக் கடைசிக் கொடுப்பனவு தீர்மானமாக வேண்டும். கழிப்பறை விஷயத்தையும் கதைக்கவேண்டும் என்று யோகாம்பாள் எழுதிக் கொடுத்திருந்தாள். கூட்டத்துக்கு முன்னால் அவள் கோயில் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சந்திரகுமார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஆள் மெலிந்திருந்தார்.

"தங்கச்சி, நீ வருத்தக்காரரோட வேலை செய்யிறனீ. ஒரு விசயம் கேக்கோணும். ஆருக்கும் சொல்லிப்போடாதை."

"சொல்லுங்கோ அண்ணை."

"எனக்குச் சலத்தோட ரத்தம் போனது. அடுத்த கிழமை பெரிய டொக்டரிட்டைப் போறன். குழாய் விட்டுப் பாப்பினமாம். நோகுமோ?"

யோகாம்பாள் கத்தியைக் கீழே வைத்தாள். "கடவுளே. எப்ப போனது?"

"செப்டம்பரிலை. ஒரு வெள்ளிக்கிழமை. இஞ்ச, கோயிலிலைதான். ஆம்பிளையளின்ர முதல் ரொய்லெட்டிலை. கோப்பை நிறைய, தங்கச்சி. செக்கச் செவேலெண்டு. பேந்து வரேல்லை. ஆனா அண்டைக்குக் கண்டது கண்ணுக்குள்ளயே நிக்குது." அவருடைய கண் நிறைந்தது. "என்ர மூத்தவன்ர கலியாணத்தை மட்டும் பாத்திட்டனெண்டால்…"

யோகாம்பாளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அது வெங்காயம். அவளுக்குள் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பு. அதை அடக்குவதற்காக உதட்டைக் கடித்தாள். அடுத்த கணம் சிரிப்பு நின்று வேறு கணக்கு ஓடியது. இந்த மனிதர் இப்படிப் பயந்திருந்தால் இன்று சிங்கத்துக்காக வாதாட மாட்டார். இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கக்கூஸ் வந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம். வேணுகாவின் முகம் நினைவுக்கு வந்தது. வெளியே கூட்டத்துக்குக் கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஆனால் அவருக்குக் குழாய் விடப்போகிறார்கள். எங்கே விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணை, இருங்கோ," என்றாள். "உங்களுக்கு ஒண்டும் இல்லை. அது ரத்தம் இல்லை. கேசரிப் பவுடர்."

"என்னது?"

அவள் முழுவதையும் சொன்னாள். தொட்டி, சாயம், சும்ஸ்டைன், தாள் ஒட்டாமல் சாப்பிடப் போன புருசன். சந்திரகுமார் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"உனக்கு அறிவிருக்கோ!" என்று கத்தினார். "ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா நான் சாகப்போறன் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறன்! லைட்டுப் போடாமல் போய்க் கதவிலை மண்டையை இடிச்சிருக்கிறன்! மனுசியை உப்புப் போடாமல் சமைக்கச் சொல்லி அவளோடையும் சண்டை!"

"இழுத்துவிட்டிருந்தால் அப்பவே தெரிஞ்சிருக்குமே அண்ணை."

யோகாம்பாளுக்கு இதற்கு மேல் அடக்க முடியவில்லை. வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்திரகுமார் அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். திடீரென்று அவருக்கும் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. பிறகு சட்டென எழும்பினார்.

"எங்கை போறியள்?"

"ஒண்டுக்கு," என்று சொல்லிவிட்டு ஓடினார். இந்த முறை ஆசைதீரக் குனிந்து பார்த்திருப்பார்.

கூட்டம் தொடங்கியது. யோகாம்பாள் பின்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சிங்கம் வந்துவிடும் என்று அவளுக்கு நிச்சயம். உண்மையைச் சொன்ன வாயைத் திட்டவும் முடியவில்லை.

சந்திரகுமார் மைக்கைப் பிடித்தார். பெரியோர்களே என்றார், தாய்மார்களே என்றார், வழக்கமான ஐந்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சிங்கம் அடுத்த வருசம் வரும். கும்பகோணத்துக்கு நான் கதைக்கிறன். இந்த வருசம் முதல் ரொய்லெட்."

பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவர், "அம்மனை நடக்கவிட்டிட்டு நாங்கள் சொகுசா இருக்கிறதோ?" என்று கேட்டார்.

"அம்மன் பழைய வாகனத்திலை இன்னொரு வருசம் வருவா. அவவுக்கு அவசரம் இல்லை. எங்களுக்குத்தான் அவசரம்," என்றார் சந்திரகுமார். "நவராத்திரிக்கு ஒம்பது நாளும் நான் அந்த ஓடையிலை நிண்டனான். அப்ப அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைச்சனான். அது என்ன நேர்த்தி எண்டு நான் சொல்லமாட்டன், ஆரும் கேக்கவும் வேண்டாம். ஆனா வைச்ச நேர்த்தியை மாத்த ஏலாது. உங்கட வீட்டுப் பொம்பிளையளைக் கேட்டுப் பாருங்கோ, திருவிழாவுக்குத் தண்ணி குடிக்கினமோ எண்டு. கேட்டுப்போட்டு வந்து கை உயர்த்துங்கோ."

ஒருவரும் வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டியிருக்கவில்லை. பெண்கள் எல்லோரும் மண்டபத்திலேயே இருந்தார்கள், முதல் கையை வேணுகா உயர்த்தினாள். அவளுடைய பிள்ளைக்கு அப்போது மூன்று கிழமை, இன்னும் மாதம்கூட ஆகவில்லை. மறு கையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஆண்களுக்குக் கையை மடியில் வைத்திருக்கத் துணிவு வரவில்லை.

ஆனால் சந்திரகுமார் பழியைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. "இந்தத் திருப்பணிக்கு அயராது பாடுபட்ட ஒருவரை நாங்கள் கௌரவிக்க வேணும்," என்று தொடங்கினார். கருங்கல் பலகையில் பொன்னெழுத்தில் ஒரு பெயர் பொறிக்கப்படும், அது ஓடையின் வாசலிலே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்படும் என்றார். 'கழிப்பறைத் திருப்பணி: திருமதி யோகாம்பாள் இரவீந்திரன் குடும்பம்.' குடும்பம் என்ற சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டு இரவீந்திரனைத் தேடிப் பார்த்தார். இரவீந்திரனுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

"ஊர் சிரிக்கப்போகுது," என்றார் அவர் காரில்.

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு உள்ளுக்குப் போகட்டும். சரை முழுக்கக் கொட்டினது நீங்கள்தானே? உங்கட பேரும் இருக்கத்தானே வேணும்."

"கொஞ்சமாப் போடவேணும் எண்டு நீர் சொல்லேல்லையே."

பலகையின் படத்தை யோகாம்பாள் கனடாவிலும் லண்டனிலும் இருந்த சகோதரங்களுக்கெல்லாம் அனுப்பினாள். சந்திரகுமாருக்குப் பழிவாங்கிய திருப்தி கிடைக்கவேயில்லை.

சும்ஸ்டைன் கையெழுத்து வைத்தார். பதிவும் வருடம் முடியுமுன் போய்ச் சேர்ந்தது. குழாய் வேலைக்காரர் மாசியில் வந்து காவி நிறக் கோப்பைகளைக் கழற்றிப் போனார். பெண்கள் பக்கத்துச் சாமான் அறையை ஒதுக்கி, இன்னொரு கழிப்பறையும் வைத்தார்கள். ஊர்ச்சபையின் சலுகை அந்த மேலதிகத்துக்குக் கிடையாது, பழசுக்குப் புதுசு மாற்றுவதற்கு மட்டும்தான் என்று பவதாரணி முன்பே சொல்லியிருந்தாள். அதன் செலவை உபயமாக ஏற்றவர் ஐயர். அதற்குப் பெயர்ப்பலகை வேண்டாம் என்று மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

புதியவை வெள்ளை வெளேரென்று, சுவரோடு ஒட்டி, சத்தமில்லாமல் வேலை செய்தன. தொட்டி கண்மூடித் திறக்குமுன் நிரம்பியது. ஒரு சின்னச் சிக்கல்: இழுக்கிற இடத்தில் இரண்டு பொத்தான் இருந்தது, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. எங்கள் சனம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து அமத்தியது. தண்ணீர் மிச்சம் பிடிக்க வந்த திட்டம் போய்விடும் என்று யோகாம்பாள் கதவுக்குள் ஒரு தாள் ஒட்டினாள். 'சின்ன அலுவலுக்குச் சின்னப் பொத்தான், பெரிய அலுவலுக்குப் பெரியது. இரண்டு அலுவலுக்கும் பெரியது ஒன்றே போதும். ஆண்களும் அமத்தவும்.' கீழே அம்மன் துணை என்று எழுதியிருந்தாள். ஐயர் அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டச் சொன்னார்.

அடுத்த தேருக்கு முந்திய நாளே அவள் பெரிய அண்டாவில் மோர் கரைத்தாள். இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் போட்டது. தேர் சுற்றும்போது பெண்கள் வரிசையாக வந்து வாங்கி, இரண்டாம் முறையும் வந்து வாங்கிக் குடித்தார்கள். சரியாகப் பன்னிரண்டுக்கு மேளம் நின்றது.

அந்தக் கிழமை ஷ்லீரன் என்ற ஊரிலிருந்து திரேசா என்ற ஒரு பெண் கைபேசியில் அழைத்தாள். கத்தோலிக்கரான அவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு கூடுகிற ஒரு மண்டபத்திலும் இதே கதையாம். பங்குச் சனத்திடம் எப்படிக் கதையை எடுப்பது என்று தெரியவில்லையாம்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா வந்து கதைப்பியளோ? எங்களுக்கு வெக்கமாக் கிடக்கு."

"வாறன். வியாழக்கிழமை எனக்கு லீவு," என்றாள் யோகாம்பாள். "கட்டடம் ஆரின்ர? உங்கட கெமைண்டே என்ன தருது எண்டு முதல் கேட்டு வையுங்கோ. சாயப்பொடி நான் கொண்டு வாறன். ஆம்பிளையள் பக்கம் தாள் ஒட்டுறதுக்கு மட்டும் பொறுப்பான ஆளா ஒராளைப் பிடிச்சு வையுங்கோ."

வியாழக்கிழமை காலை எட்டு மணி ரயிலில் அவள் ஷ்லீரன் போனாள். போகிற வழிக்கென்று எடுத்துப்போன தண்ணீர்ப் போத்தலை ஆராவ் தாண்டுவதற்குள் குடித்து முடித்துவிட்டு, பக்கத்துச் சீற்றில் இருந்த சுவிஸ்காரரிடம், இந்த ரயிலில் கழிப்பறை எந்தப் பெட்டியில் என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள்.